சாப்பிட்ட பிறகு சொல்லும் எண்

அடுத்தவர் ரிப்போர்ட்டைப் படிக்கும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டின் முன்னறையையே ஜெராக்ஸ் கடையாக்கிப் பதினான்கு வருடமாக நடத்துகிறேன். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் முந்தின நாள் வந்து ஃபைலை நீட்டுவார்கள். மெஷின் தாளை இழுத்து வெளியே தள்ளும் நேரத்துக்குள் பாதியைப் படித்துவிடுவேன். யாருக்குச் சர்க்கரை எவ்வளவு, யார் ஈரலில் கொழுப்பு எல்லாம் எனக்குத் தெரியும். வெளியே சொன்னதில்லை. தெரிந்துகொள்ளாமல் இருக்கத்தான் முடிவதில்லை.

அதனால் என் மகள் மோனிஷாவின் எக்ஸ்ரே அறிக்கையையும் டாக்டர் சொல்வதற்கு முன்னால் நானே படித்தேன்.

அவளுக்கு அப்போது பத்து வயது. கோ-கோ விளையாடிவிட்டு வந்து, வலது முட்டிக்கு மேலே வலிக்கிறது என்றாள். வளரும் பிள்ளைக்குக் கால் இழுக்கத்தானே செய்யும் என்று தைலம் தேய்த்தேன். மூன்று வாரம் தேய்த்தேன். வீக்கம் உள்ளங்கை அளவுக்கு எழும்பிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மேல்மாடி நடைபாதையில், இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து, உறையைப் பிரித்தேன். அந்த நோயின் பெயரை ஏற்கெனவே இரண்டு பேருடைய ஃபைலில் பார்த்திருக்கிறேன். அந்த இருவரும் பிறகு ஜெராக்ஸ் எடுக்க வரவில்லை. தாளைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டேன். கவிழ்த்து வைத்தால் என்ன, படித்தது படித்ததுதான்.

ஆஸ்டியோசர்கோமா (வளரும் பிள்ளைகளின் நீண்ட எலும்புகளில் வரும் புற்றுநோய்) என்று உறுதியானது. கீமோதெரபி, அறுவைச் சிகிச்சை, மறுபடியும் கீமோதெரபி. எலும்பின் ஒரு துண்டை எடுத்துவிட்டு உலோகத் தண்டு வைத்தார்கள். காலைக் காப்பாற்றிவிட்டோம் என்று எல்லோரும் மகிழ்ந்தோம். ஒரு வருடம் நன்றாகவே இருந்தாள். ஆறாம் வகுப்பில் சேர்ந்து, புதிதாகப் பிரெஞ்சுப் பாடம் எடுத்தாள். எண்களும் கிழமைகளும் முடிந்து நிறங்களுக்கு வந்தபோது இருமல் ஆரம்பித்தது. நுரையீரலிலும் இடுப்பெலும்பிலும் நோய் பரவியிருந்தது.

டாக்டர் வயதில் என்னைவிடச் சின்னவர். என்னையும் என் கணவர் சேகரையும் உட்காரவைத்து, கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

"இதுக்கு மேல நோயை விரட்ட எங்ககிட்ட மருந்து இல்லம்மா. வலியை விரட்ட இருக்கு. அதை வீட்லயே வந்து குடுப்பாங்க."

"வீட்லயேன்னா... அனுப்பிட்டீங்கன்னு அர்த்தமா சார்?" என்று சேகர் கேட்டார்.

"அனுப்பல. எப்ப வேணும்னாலும் வரலாம். ஆனா அவளுக்கு என்னா வேணும்னு ஒருதரம் கேளுங்க."

கேட்டோம். மோனிஷா யோசிக்கக்கூட இல்லை. "வார்டு வேணாம். நம்ம வூட்லயே இருக்கலாம்" என்றாள். அன்றிலிருந்து எங்களுக்கு இருந்தது ஒரே கவலை. வலி வீட்டில் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் மறுபடியும் வார்டுதான்.

வலி தணிப்புச் சிகிச்சை (நோயைக் குணமாக்க முடியாதபோது வலி, மூச்சுத்திணறல் முதலியவற்றைக் குறைத்து, இருக்கும் நாட்களைச் சுகமாக்கும் மருத்துவம்) என்பதை நான் எந்த ஃபைலிலும் படித்ததில்லை. அதனால் செவிலியர் ஸ்டெல்லா முதல் நாள் வந்தபோது, அவர் செய்வதையெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டே இருந்தேன். ஐம்பது வயதிருக்கும். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில், அவர்கள் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவரின் மகள்; பிரெஞ்சு தெரிந்தவர். பையைத் திறக்கவே இல்லை. கட்டிலிலிருந்து கழிவறை எத்தனை எட்டு என்று நடந்து பார்த்தார். மோனிஷா படுத்திருந்த இடத்தில் தானும் ஒரு நிமிடம் படுத்து மேலே பார்த்தார்.

"ஃபேனும் ஒட்டடையும்தான் தெரியுது. இதையே பார்த்துக்கிட்டு இருந்தா எனக்கே ஒடம்பு நோவும்" என்றார்.

மோனிஷா சிரித்துவிட்டாள். கட்டிலை முன்னறைக் கதவுப் பக்கம் திருப்பினோம். அங்கிருந்து கடையும் தெருவும் தெரியும். அதற்குப் பிறகுதான் பை திறந்தது.

மார்ஃபின் என்ற பெயரைக் கேட்டதும் சேகர் முகம் சுருங்கியது. "அது போதை மருந்து இல்லையா சிஸ்டர்? பழகிடுமே" என்றார். ஸ்டெல்லா இந்தக் கேள்வியை எத்தனை வீட்டில் கேட்டிருப்பாரோ, புதிதாகக் கேட்பது போலவே கேட்டுக்கொண்டார். வலிக்காக டாக்டர் அளந்து கொடுக்கும்போது அது அடிமையாக்காது, ஆயுளையும் குறைக்காது என்று விளக்கினார். மலச்சிக்கல் வரும், அதற்கும் சேர்த்தே மருந்து தருவோம் என்றார். முக்கியமாக, வலி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது, நான்கு மணிக்கொருதரம் கொடுத்துவிட வேண்டும்.

"பாலு பொங்கறதுக்கு முன்ன எறக்கணும்ங்க. பொங்க வுட்டுட்டு அடுப்பைத் தொடைச்சா என்னா லாபம்?"

எனக்குப் புரிந்துவிட்டது. அதோடு ஒரு வேலையும் கிடைத்தது. வலி எண்: பூஜ்ஜியம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் தாங்கவே முடியாத வலி. தினமும் காலையில் மோனிஷாவிடம் கேட்டு எழுதி வைக்க வேண்டும். நானே ஸ்கேலால் கோடு போட்டு ஒரு நோட்டுத் தயாரித்தேன். செவ்வாயும் வெள்ளியும் ஸ்டெல்லா வரும்போது அந்தப் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்துக் கையில் கொடுப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

இந்த இடத்தில் நான் செய்த தப்பைச் சொல்லியாக வேண்டும். இதைப் படிக்கும் உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை படுத்திருக்கலாம், நீங்களும் அதையே செய்துகொண்டிருக்கலாம்.

எங்கள் தெருவில் பெண்கள் எதற்கெடுத்தாலும் ஒருபொழுது விரதம் இருப்பார்கள். பரீட்சைக்கு ஒருபொழுது, பிரசவத்துக்கு ஒருபொழுது. நான் அவ்வளவு பக்தியான ஆள் இல்லை. ஆனால் இரண்டாம் நாள் மோனிஷா "ஆறு" என்று சொன்னபோது கையில் பேனாவை வைத்துக்கொண்டு வேறு ஒன்றும் செய்யத் தெரியாமல் நின்றேன். அன்று சாயங்காலம் அம்மன் கோயிலில் நேர்ந்துகொண்டேன். எண் ஐந்தைத் தாண்டும் நாளில் நான் சோறு தொட மாட்டேன். அவள் வலியில் பாதியை என் வயிற்றுக்கு மாற்றிக்கொடு. அம்மனிடம் இப்படிப் பேரம் பேசினேன்.

வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. வயிறு சரியில்லை, கடையிலேயே பன் சாப்பிட்டேன் என்று ஏதாவது சொல்லிச் சமாளித்தேன். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் புளுகு அதுகூட ஓடவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

முதல் வாரத்தில் ஆறும் ஏழும், நடுநடுவே நான்கும் வந்தன. இரண்டாம் வாரத்திலிருந்து எண் இறங்கியது. நான்கு, மூன்று, மூன்று, நான்கு, மூன்று. அம்மன் கேட்டுவிட்டாள் என்று நினைத்தேன். மார்ஃபினுக்குக் கொடுக்க வேண்டிய நன்றியையும் சேர்த்து அம்மனுக்கே கொடுத்தேன்.

மூன்றாவது வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஸ்டெல்லா நான் கொடுத்த தாளை நெடுநேரம் பார்த்தார்.

"எழுத்து முத்து முத்தா இருக்குதும்மா. ஆனா வலி இவ்ளோ ஒழுங்கா இருக்காதே."

"கொறைஞ்சிடுச்சி சிஸ்டர். அவளே சொல்றா."

"சொல்றா. ஆனா வலப்பக்கம் திரும்பிப் படுக்கறதில்ல. ரெண்டு நாளா கடைப்பக்கம் தலையைத் தூக்கியே பாக்கலன்னு நீங்களே சொன்னீங்க. போர்வையைக் கெட்டியா புடிச்சிருக்கா பாருங்க."

பார்த்தேன். விரல் கணுக்கள் வெளுத்திருந்தன. ஊரார் ரிப்போர்ட்டையெல்லாம் படித்த எனக்கு, பக்கத்திலேயே இருந்த அந்தக் கை கண்ணில் படவில்லை.

ஸ்டெல்லா கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நீ பள்ளிக்கூடத்துல பிரெஞ்சு படிச்சியாமே. எதுவரைக்கும் தெரியும்?" என்று கேட்டார். மோனிஷா பத்து வரைக்கும் ஒப்பித்தாள். நடுவில் ஒன்றை விட்டுவிட்டாள். ஸ்டெல்லா திருத்தினார். இருவரும் மறுபடி முதலிலிருந்து எண்ணினார்கள். நான் காபி டம்ளரோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பாடம் நடக்கிறது, பிள்ளை முகத்தில் கொஞ்சம் களை வந்திருக்கிறது என்று எனக்குச் சந்தோஷம். ஸ்டெல்லா அவள் தோளைத் தொட்டுப் பிரெஞ்சில் ஏதோ கேட்டார். ஒரு எண் சொன்னாள். மார்பைத் தொட்டார். இன்னொரு எண். வலது இடுப்புக்கு மேலே தொடாமல் கையை நிறுத்தினார்.

மோனிஷா ஒருமுறை என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்து, "உயித்" என்றாள்.

எனக்கு அந்த மொழி தெரியாது என்பது அவளுக்குத் தெரியும். நான் சிரித்துக்கொண்டு நின்றேன். இன்றைக்கும் அந்தச் சிரிப்பை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

ஸ்டெல்லா டம்ளரை வாங்கி ஓரமாக வைத்தார். "எட்டுன்னு சொல்றாம்மா. எத்தனை நாளான்னு தெரியல. உங்ககிட்ட ஏன் மூணுன்னு சொல்றான்னு நீங்களே கேளுங்க. திட்டாம கேளுங்க" என்றார்.

கேட்டேன். மோனிஷா முதலில் போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டாள். பிறகு, கண்டுபிடித்ததைச் சொல்லாமல் இருக்க முடியாதவள் போல ஆரம்பித்தாள். தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை.

"நான் ஆறு சொன்னா நீ சாப்புட மாட்ற. ஏழு சொன்னாலும் சாப்புட மாட்ற. நாலு சொன்னா சாப்புட்ற. மொதல்ல எனக்கு டவுட்டுதான். அப்புறம் வேணும்னே ஒருநாள் ஆறு, ஒருநாள் நாலுன்னு மாத்தி மாத்திச் சொல்லிப் பாத்தேன். மூணு வாட்டியும் கரெக்டா வந்திச்சி."

"வயிறு சரியில்லன்னு சொன்னேனே."

"எனக்கு வலிக்கிற அன்னிக்கு மட்டுமா சரியில்ல?"

என்மேல் ஆத்திரம் வந்தது. அம்மன்மேல் வந்தது. உண்மையைச் சொல்கிறேன், ஒரு நொடி அந்தக் குழந்தைமேலேயே வந்தது. நான் பட்டினி கிடந்து அவள் வலியை வாங்கிக்கொள்வதாக நினைத்தேன். அவளோ தன் வலியை மறைத்து எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். அவள் சொன்ன பொய் எண்ணை நம்பி, ஒரு வாரத்துக்கு மேலாக மருந்தின் அளவு ஏறாமலே இருந்தது. நான் எழுதிய நோட்டு, நான் எடுத்த ஜெராக்ஸ், நான் இருந்த விரதம். எல்லாம் சேர்ந்து அவளைப் படுக்கையில் அசையவிடாமல் வைத்திருந்தன.

ஸ்டெல்லா என்னைத் திட்டவில்லை. டாக்டருக்கு ஃபோன் செய்ய வாசலுக்குப் போனார். போகும்போது, "வூட்ல சோறு இருக்குதா?" என்று மட்டும் கேட்டார்.

இருந்தது. காலையில் வைத்த கருவாட்டுக் குழம்பும் இருந்தது. தட்டைப் போட்டுக்கொண்டு வந்து மோனிஷா கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவள் நான் பிசைவதைப் பார்த்தாள், வாயைப் பார்த்தாள், தொண்டையைப் பார்த்தாள். சோற்றைத் தண்ணீர் குடித்துக் குடித்துத் தள்ளினேன். தட்டு பாதி காலியானது.

"முழுசா" என்றாள்.

முழுசாகச் சாப்பிட்டேன். கை கழுவிக்கொண்டு வந்து நோட்டை எடுத்தேன். "இப்ப சொல்லு."

"எட்டு. நேத்து ஒன்பது. முந்தா நாளும் ஒன்பது."

எழுதினேன். தாள் நனைந்து அந்தப் பக்கத்தில் மட்டும் மை பரவியிருக்கிறது.

அன்றே மருந்தின் அளவை டாக்டர் மாற்றினார். இடையில் வலி எழும்பினால் கொடுக்கத் தனியாக ஒரு அளவும் சொன்னார். (இதை நாமாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. எண்ணை மட்டும் நாம் சரியாகச் சொன்னால் போதும்.) இரண்டு நாள் மோனிஷா பெரும்பாலும் தூங்கினாள். எனக்குப் பயமாக இருந்தது. இத்தனை நாள் தூங்காததற்கும் சேர்த்துத் தூங்குகிறாள், மூச்சு சீராக இருக்கிறதா பாருங்கள், தட்டினால் எழுகிறாளா பாருங்கள் என்று ஸ்டெல்லா ஃபோனில் சொன்னார். மூன்றாம் நாள் விழித்து, வலப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, தெருவைப் பார்த்து, "அந்த நாயி குட்டி போட்டுச்சா?" என்றாள். போட்டிருந்தது. நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

கோயிலுக்குப் போய், இனிமேல் நான் சாப்பிடப்போகிறேன், கோபமிருந்தால் என்னிடம் காட்டு, அவளிடம் காட்டாதே என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதன்பிறகு மோனிஷா ஒரு சட்டம் வைத்தாள். முதலில் சாப்பாடு, பிறகு எண். சேகர் ஷிஃப்ட் முடிந்து வரும் நாட்களில் அவருக்கும் அதே சட்டம். இட்லி வைத்துக்கொண்டு இருவரும் அவள் முன்னால் உட்கார்ந்திருப்போம், ஆய்வாளர் முன்னால் கடைக்காரர்கள் மாதிரி. "அப்பா ரெண்டுதான் துன்னாரு" என்று என்னிடம் புகார் வரும். சில நாள் இரண்டு சொன்னாள், சில நாள் ஆறு சொன்னாள். ஆறு சொன்ன நாளிலும் நான் மத்தியானம் சாப்பிட்டேன். அதைவிடக் கடினமான காரியத்தை என் வாழ்க்கையில் செய்ததில்லை.

வலி அடங்கியதும் அவளுக்குக் கேள்விகள் திரும்ப வந்தன. ஜெராக்ஸ் மெஷினுக்குள் கரி எப்படி ஒட்டுகிறது, மூச்சு வாங்கும்போது மின்விசிறிக் காற்று முகத்தில் பட்டால் ஏன் இதமாக இருக்கிறது, ஸ்டெல்லா சிஸ்டருக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை. ஒருநாள் தன் ஃபைலைக் கேட்டாள். ஒளித்து வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தேன். மார்பு எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, "எதெது?" என்றாள். விரல் வைத்துக் காட்டினேன். எண்ணிப் பார்த்தாள்.

"இது நெறைய ஆயிட்டா நான் செத்துப்போய்டுவேனா?"

"ஆமா."

"வலிக்குமா?"

"வலிக்க வுட மாட்டோம்."

"சரி" என்று ஃபைலை மூடிவிட்டாள். அந்தச் "சரி"யை என்னால் சொல்ல முடிந்திருக்காது. ஆனால் ஆமாம் என்று சொன்னதற்காக நான் வருத்தப்பட்டதில்லை. பொய் சொன்னால் அவள் சோதித்துக் கண்டுபிடித்துவிடுவாள்.

வார்டுக்குப் போகவே இல்லை. அதற்குப் பிறகு பதினொரு வாரம் இருந்தாள். கடைசி மூன்று நாள் எண் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்து, மூச்சைப் பார்த்து, விரல்களைப் பார்த்து நாங்களே தெரிந்துகொண்டோம். விரல்கள் போர்வைமேல் தளர்ந்து கிடந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சேகர் அவள் உள்ளங்காலைத் தடவிக்கொண்டிருந்தபோது, மூச்சு நீளமாகி, இடைவெளி நீளமாகி, அடுத்தது வரவில்லை. அடுத்த மூச்சுக்காக நாங்கள் எவ்வளவு நேரம் காத்திருந்தோம் என்று தெரியவில்லை.

சாவு வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள். எடுக்கும்வரை பெற்றவள் பல்லில் பச்சைத் தண்ணீர் படக்கூடாது என்று எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. எதிர்வீட்டுப் பெண் பின்பக்கமாக வந்து, எனக்கு மட்டும் தெரியும்படி ஒரு டிபன் பாக்ஸை வைத்தார். நான் அதை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து, மோனிஷாவுக்குப் பக்கத்தில், எல்லோரும் பார்க்க உட்கார்ந்து சாப்பிட்டேன். என் நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சேகர் அந்த டிபன் பாக்ஸிலிருந்து ஒரு இட்லி எடுத்துக்கொண்டார்.

ஒன்றரை வருடம் ஆகிறது. என் உடம்பு இன்னும் நான்கு மணிக் கணக்கில்தான் ஓடுகிறது. ஆறு, பத்து, இரண்டு. கடிகாரத்தைப் பார்க்காமலே கை எழும்புகிறது, எதற்கு எழும்பியது என்று பிறகுதான் யோசிக்கிறேன். நாள், கிழமை எல்லாம் மற்றவர்களுக்குத்தான். பசியும் மாறிவிட்டது. முன்பெல்லாம் பசித்தால் சாப்பிடுவேன். இப்போது பசி வந்தால் யாரோ என்னைக் கவனித்துக்கொண்டிருப்பது போல உடனே எழுந்துவிடுகிறேன்.

கடையை மத்தியானம் மூடிவிட்டு, வாரம் ஒருநாள் ஸ்டெல்லாவுடன் நானும் போகிறேன். மருந்து விஷயம் எனக்குத் தெரியாது. பாத்திரம் கழுவிக் கொடுப்பேன், அந்த வீட்டு அம்மாக்களோடு பேசிக்கொண்டிருப்பேன்.

போன வாரம் கனகசெட்டிக்குளம் போயிருந்தோம். மீன்பிடிக்கிற குடும்பம். ஒன்பது வயதுப் பெண்ணுக்கு இரத்தப் புற்றுநோய். அவள் அம்மா சின்ன வயதுக்காரர், தலைமாட்டில் சுவரோடு ஒட்டி நின்றிருந்தார். முகத்தில் ஒரு சிரிப்பைப் பிடித்து வைத்திருந்தார். ஸ்டெல்லா ஸ்டூலில் உட்கார்ந்து, "பூஜ்ஜியத்துலேந்து பத்துக்குள்ள எவ்ளோ வலிக்குதும்மா?" என்று கேட்டார்.

பெண் வாயைத் திறந்தாள். சொல்வதற்கு முன் கண் மட்டும் மேலே அம்மாவிடம் போய்விட்டு வந்தது.

"ரெண்டு" என்றாள்.

ஸ்டெல்லா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இல்லை. நான் எழுந்து அந்த அம்மாவின் கையைப் பிடித்தேன். கை குளிர்ந்திருந்தது.

"வா கண்ணு. நாம கொஞ்சம் வெளிய நிப்போம்" என்றேன்.